புளித்தண்ணீரில் ஊறிய இரும்பு

பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொள்ளட்டுமா, அம்மிணி? உங்கள் முழங்காலில் இடிக்கிறது. வேண்டாம், நீங்கள் தூக்காதீர்கள், கை சுளுக்கிக்கொள்ளும். உள்ளே தேங்காய் இல்லை, அம்மிக் குழவியும் இல்லை. இரும்பு. என்ன இரும்பு என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல வராது. பஸ் பெருந்துறை போய்ச் சேர நேரம் கிடக்கிறது, சொல்கிறேன். ஆனால் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். நான் ஆறாவதோடு நின்றவள். என் தங்கச்சி சொல்வாள், "அக்கா எழவுக் கதை சொன்னா, பாதியில பொணம் எந்திரிச்சு காப்பி கேக்கும்" என்று. அப்படி முன்னதும் பின்னதுமாக வந்துவிடும். வந்தால் நிறுத்திக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்டால்தான் தப்பு.

என் வீட்டுக்காரர் மருதாசலம். கோயமுத்தூரில் கணபதியில் ஒர்க்‌ஷாப். வீடும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே காம்பவுண்டு. என் வீட்டு ரசத்தில் கிரீஸ் வாசம் வரும், அவர் கிரீஸில் ரசவாசம் வரும். பழைய கார்களைச் சரிபண்ணுவார். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கார்கள். ஒரு பத்திரிகையில் போட்டோவெல்லாம் போட்டு, பழைய கார்களுக்கு உயிர் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். உயிர் கொடுக்கிறார், சரி. நரை கொடுப்பதை யாரும் எழுதவில்லை.

புரியவில்லையா? எனக்கும் முதலில் புரியவில்லை. பழைய காரில் ஒரு சாமான் தேய்ந்துபோனால் புதுசு செய்து போட வேண்டும். அதுதானே உலக வழக்கம். ஆனால் இந்தக் கார்க்காரர்களுக்குப் புதுசு புதுசாகத் தெரியக் கூடாது. பார்த்தால் தாத்தா காலத்தில் மாட்டியது போல இருக்க வேண்டும். பளபளவென்று லேத்திலிருந்து வரும் இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, கறுக்க வைத்து, கீறல் போட்டு, கிழடு தட்ட வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஊரில் மற்ற ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் பழசைப் புதுசாக்குகிறார்கள். என் வீட்டில் புதுசைப் பழசாக்குகிறோம். அதற்கு விலாசம் கேட்டு மெட்ராஸிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

எதில் பழசாக்குவது? என் சமையலறையில்தான். சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, கல்லுப்பும் புளித்தண்ணீரும் கலந்த தொட்டியில் ஊறப்போடுவார். எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வெயிலில் வைப்பார். கடைசியில் டீத்தூள் கஷாயம், அதற்கு மேல் கழிவு ஆயில், அதற்கு மேல் செம்மண் தூள். குழம்புக்குப் புளி கரைக்கலாம் என்று பானையைத் திறந்தால் பானை காலி. "ஏனுங்க, புளி எங்கீங்க?" என்றால், "பம்பர் ஊறுது" என்பார். சும்மா சொல்லக் கூடாது, புளிச்ச மோரும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று சொன்னது நான்தான். அதற்குப் பிறகுதான் துரு நன்றாக, மாநிறமாக, குடும்பப் பாங்காக வர ஆரம்பித்தது. அதைப் பத்திரிகையில் போட்டார்களா? போடவில்லை.

நான் கதைக்கு வருகிறேன். மில் ஐயா வந்தது போன தைக்குப் பிறகு. பெயர் விஜயரங்கம். அவர் தாத்தா மில் வைத்திருந்தார், அப்பா மில்லை விற்றார், இவர் பேருக்கு மட்டும் மில் ஐயா. தாத்தாவின் கறுப்புக் கார் ஒன்று பங்களா ஷெட்டில் கோழி அடைகாக்கக் கிடந்தது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். ஊட்டியில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி நடக்கப் போகிறதாம். அங்கே கார் தானாக ஓடி ஏற வேண்டுமாம். ஏறியதும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து, எங்கேயாவது புதுச் சாமான் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பாராம். தெரிந்தால் கோப்பை இல்லையாம்.

"மருதாசலம், எனக்கு இந்தக் கார் எங்க தாத்தா இப்பத்தான் எறங்கிப் போன மாதிரி இருக்கோணும்" என்றார். சொல்லும்போது தலையைத் தடவிக்கொண்டார். தலை கன்னங்கரேலென்று இருந்தது. மீசையும் அப்படியே. கார் நரைக்க வேண்டும், அவர் நரைக்கக் கூடாது. நான் காப்பி கொடுத்தேன்.

அந்தக் காருக்குப் புது சீட்டு தைத்தார்கள். புதுத் தோல், பலகை போல விறைத்துக்கொண்டு நின்றது. மில் ஐயா வந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கிப்போனார். "எங்க தாத்தா உக்காந்து உக்காந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும், மருதாசலம். அந்தப் பள்ளத்துலதான் நான் சின்னதுல ஏறி உக்காருவேன்."

"பள்ளம் விழ வெச்சிறலாங்க" என்றார் இவர். "தாத்தா எப்படிங்க, ஒல்லியா?"

"நல்ல தாட்டியான ஆளு."

இவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவுதான், அம்மிணி. அன்றையிலிருந்து எனக்கு அந்த சீட்டில்தான் உட்காரும் உத்தியோகம். வெங்காயம் உரித்தது அங்கே, மொச்சை உரித்தது அங்கே, புளி கொட்டை எடுத்தது அங்கே. மத்தியானம் சாய்ந்து கண்ணயர்ந்தால் வந்து எழுப்பி, "நடுவுல உக்காரு புள்ள, ஓரமா உக்காந்தா தாத்தா சாஞ்சு உக்காந்த மாதிரி ஆயிரும்" என்பார். இப்போது மில் ஐயா வந்தால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துக் கண் கலங்குகிறார். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? உங்கள் தாத்தா இங்கேதான் நிற்கிறார் என்றா?

சரி, சீட்டு போகட்டும். சீட்டால் யாரும் சாக மாட்டார்கள்.

இந்தப் பையில் இருப்பது சீட்டு இல்லை. முன் சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கை. முழங்கை மடங்கினாற்போல இருக்கும், இவ்வளவு நீளம். ஸ்டியரிங்கை வளைத்தால் இதுதான் சக்கரத்தை வளைக்கும். இது ஒடிந்தால் நீங்கள் ஒரு பக்கம் திருப்புவீர்கள், சக்கரம் தன் இஷ்டத்துக்கு இன்னொரு பக்கம் போகும். சமதரையில் என்றால் ஒரு வேலியில் போய் நிற்கலாம். கல்லாறு தாண்டி ஊட்டி மலைக் கொண்டை ஊசி வளைவில் என்றால் எங்கே போய் நிற்பது? நிற்க இடம் கிடையாது, கீழே போக வேண்டியதுதான்.

தாத்தா காரில் இருந்த கையில் ஒரு விரிசல் இருந்தது. மயிரிழை. சும்மா பார்த்தால் தெரியாது. துருவெல்லாம் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைத் தேய்ப்பார்கள். விரிசலுக்குள் இறங்கின எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக் காட்டும். அப்படித்தான் இவர் கண்டுபிடித்தார். அதில் கெட்டிக்காரர், இல்லையென்று சொல்ல மாட்டேன். உடனே அச்சு அசலாகப் புதுசு ஒன்று செய்யச் சொல்லி வாங்கி வந்தார்.

அதோடு விட்டாரா? பழைய கையில் ஓரத்தில் எந்தக் காலத்திலோ சுத்தியல் பட்ட ஒரு சொட்டை. புதுசிலும் அதே இடத்தில் அதே சொட்டையைப் போட்டார். பழசில் எழுத்து தேய்ந்திருந்தது. புதுசிலும் எழுத்தை வெட்டித் தேய்த்தார். நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று இரண்டையும் ஒரே தொட்டியில், ஒரே புளித்தண்ணீரில், ஜோடியாக ஊறப்போட்டார். நானும் என் பங்குக்கு மோர் ஊற்றினேன். எடுத்தபோது பார்க்க வேண்டுமே. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள். அவ்வளவு நேர்த்தி. "மயிலாத்தா, உன் கைப்பக்குவமே பக்குவம்" என்று வாய்விட்டுச் சொன்னார். கட்டிக்கொண்டு வந்த நாளாய் என் குழம்பைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. ஒர்க்‌ஷாப் பூஜை என்றால் என் பொறுப்பு. இவர் பூசணிக்காய் உடைக்க மட்டும் வருவார். முந்தின நாள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எல்லா ஸ்பானரையும், சுத்தியலையும், பலகையில் கிடந்த சாமான்களையும் எடுத்து விளக்கினேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது கிறுக்கல், ஏதாவது கறை. இந்த இரண்டு கைகளில் ஒன்றில் பச்சைப் பெயிண்டு ஒரு பொட்டு போல ஒட்டிக்கொண்டிருந்தது. சாமிக்கு முன்னால் அப்படியா வைப்பது? மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்து எடுத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தேன். வந்தவர்கள் எல்லாரும், "மயிலக்கா வீட்டுப் பூஜைன்னா அது ஒரு சுத்தம்" என்றார்கள். சுத்தம் என் கூடவே பிறந்தது.

பூஜை முடிந்து மறுநாள் காரில் கையை மாட்ட இவர் பலகையண்டை போனார். நான் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையை எடுத்தார். திருப்பினார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "ஏம்புள்ள, புதுசுல நான் பச்சையில ஒரு அடையாளம் வெச்சிருந்தேன். காணோமே."

"எனக்கென்னங்க தெரியும். புளி தின்னிருக்கும்" என்றேன்.

ஏன் அம்மிணி அப்படிப் பார்க்கிறீர்கள்? பூஜைக்கு முன்னால் நான் துடைத்ததா? அது கறை. இவர் தேடியது அடையாளம். இரண்டும் வேறு. அடையாளம் வைக்கிற மனுசன் அடையாளம் என்று தெரிகிற மாதிரி வைக்க வேண்டாமா? பொட்டு வைத்தால் யாருக்குத் தெரியும்?

இவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டையும் ஒவ்வொன்றாகக் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லாத இரும்பு கணீரென்று மணி போலக் கேட்கும், விரிசல் விட்டது சொத்தைத் தேங்காய் போலக் கேட்கும். அது நியாயமான சோதனைதான். ஆனால் சோதிக்கிறவர் யார் என்று பார்க்க வேண்டாமா? ஆயுசு முழுக்கத் தகரத்தைத் தட்டினவர். எங்கள் வீட்டு டிவி சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி வாங்காமலே சீரியல் பார்க்கிறார்கள். உங்களுக்குக் காது மந்தம் என்று சொன்னால் மட்டும் உடனே கேட்டுவிடும்.

தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "இதான். கணீர்னு கேக்குது பாரு" என்றார்.

எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. நான் வாளியை வைத்துவிட்டு, "ஏனுங்க, அந்தச் சாக்பீஸ் சோதனையை இன்னொருக்கா பண்ணிப் பாத்தர்லாமுங்க" என்றேன்.

"பண்ணலாம். பண்ணோணும்னா துருவெல்லாம் சொரண்டோணும். சொரண்டினா உள்ள வெள்ளை இரும்பு பல்லைக் காட்டும். அப்பறம் மறுபடியும் ஊறவெச்சு இந்த நெறம் வர்றதுக்குள்ள ஊட்டில கோப்பையைக் குடுத்து முடிச்சிருப்பாங்க. நீ போய்ச் சட்னி அரை." சொல்லிக்கொண்டே கணீர் என்று கேட்டதைக் காரில் மாட்டி நட்டை முடுக்கிவிட்டார்.

பார்த்தீர்களா வேடிக்கையை? இது புதுசுதானா என்று தெரிய வேண்டுமானால் புதுசாகத் தெரியவைக்க வேண்டும். புதுசாகத் தெரிந்தால் கோப்பை போய்விடும். எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்கிற அளவுக்குத் தொழில் சுத்தம்.

"அப்ப மிச்சமிருக்கறதைச் சொரண்டிப் பாருங்க. அதுல விரிசல் இருந்தா கார்ல இருக்கறது நல்லதுதான" என்றேன். ஆறாவதுதான் படித்தேன், ஆனாலும் இவ்வளவு கணக்கு வரும். அவரும் ஒரு கணம் யோசித்தார். அதற்குள் மில் ஐயா காரில் வந்து இறங்கினார். பலகையில் மிச்சமிருந்த கையைப் பார்த்ததும், "இது தாத்தா வண்டியில இருந்த ஒரிஜினலா? அவரு காலத்து இரும்பா?" என்று அதைக் குழந்தை போல ஏந்திக்கொண்டார். இவர், "ஆமாங்க" என்றார். மில் ஐயா அதைக் கொண்டுபோய்ப் பங்களா ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள், கீழே பட்டுத்துணி விரித்து, மேலே லைட்டுப் போட்டு வைத்துவிட்டார். அது தாத்தா தொட்ட இரும்போ, நான் மோர் ஊற்றின இரும்போ, யார் கண்டது?

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் காரை ஓட்டிக்கொண்டு போவது இவர். பக்கத்தில் நான். ஆமாம், நானும்தான். அந்தக் காலத்து ஜோடி போல உடுத்திக்கொண்டு போனால் அதற்கும் ஒரு மார்க் உண்டாம். எனக்குக் கண்டாங்கிச் சேலை, இவருக்குத் தலைப்பாகை. பின்னால் மில் ஐயாவும் சம்சாரமும். "ஒண்ணும் ஆகாது, நான்தான ஓட்டறேன்" என்கிறார். ஒடிகிற இரும்புக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியுமா? ராத்திரி படுத்தால் அந்த வளைவுதான் கண்ணில் வருகிறது. இவர் திருப்புகிறார், சக்கரம் திரும்ப மாட்டேன் என்கிறது. அந்த நேரத்திலும் இவர் என்னைப் பார்த்து, கணீர்னுதான கேட்டுச்சு என்கிறார்.

மில் ஐயாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், எது புதுசு எது பழசு என்று தெரியாத மெக்கானிக் என்று ஊர் சிரிக்கும். இவர் பெயர் போய்விடும். இவரிடம் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். "பச்சை மட்டும் இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்லை. எந்தக் கழுதை அழிச்சுதோ" என்றார். அப்படிக் கழுதை கிழுதை என்று பேசுகிற மனுசனிடம் என்ன பேச்சு வைத்துக்கொள்வது?

நாளைக்குக் காலையில் கார் ஊட்டிக்குக் கிளம்ப வேண்டும். அதனால் நேற்றுச் சாயங்காலம் பங்களாவுக்குப் போனேன். "ஐயா, வண்டி மலை ஏறுது. தாத்தா இரும்பை நம்ம கோனியம்மன் காலடியில வெச்சுப் பூஜை பண்ணி எடுத்துட்டு வந்தா நல்லதுங்க" என்றேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்குத் தோணுச்சு பாருங்க, எனக்குத் தோணலையே" என்று தானே அலமாரியைத் திறந்து, பட்டுத்துணியோடு எடுத்துக் கொடுத்தார். அவர் சம்சாரம் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். அது ஒன்று.

இன்றைக்கு விடிந்ததும் இவர் குளிக்கப் போனார். நான் காருக்கடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். இத்தனை வருசம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவளுக்கு எந்த நட்டுக்கு எது என்று தெரியாதா? நட்டைக் கழற்றிவிட்டேன். ஆனால் கை இறுகிப்போய் வர மாட்டேன் என்றது. பெரிய சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டேன். அம்மிணி, எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. தெருக்கோடியில் நாய் குரைத்தது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னக்கா இந்நேரத்துல" என்று கேட்டார். பத்தடி தள்ளிக் குளியலறையில் இருந்த என் வீட்டுக்காரர் பாட்டை நிறுத்தவில்லை. வெளியே வந்து துண்டை உதறிக்கொண்டே, "இன்னைக்கு என்ன புள்ள, ஒரே அமைதியா இருக்குது" என்றார்.

இந்தக் காதை நம்பித்தான் நான் மலை ஏற வேண்டும்.

கழன்று வந்த கையையும் இந்தப் பையில் போட்டு, இட்லி அவித்து வைத்துவிட்டு, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். இந்நேரம் காரைத் தள்ளிப் பார்த்திருப்பார். ஒரு சக்கரம் ஊட்டியைப் பார்த்துக்கொண்டும் இன்னொன்று சத்தியமங்கலத்தைப் பார்த்துக்கொண்டும் நிற்கும். செல்போனை அணைத்து வைத்திருக்கிறேன். கோப்பை இந்த வருசம் வேறு யார் தாத்தாவுக்காவது போகட்டும்.

விஜயமங்கலம் தாண்டியாயிற்று போலிருக்கிறதே. நான் எழுந்து முன்னால் போக வேண்டும். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி பால்வாடியில் வேலை பார்க்கிறாள், சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. வாசலில் துணி துவைக்கிற கல் இருக்கிறது. கம்பி பிரஷ் நான் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும். இரண்டையும் போட்டுத் தேய்க்கிற தேய்ப்பில் லேத்திலிருந்து இன்றைக்குத்தான் பிறந்தது போல ஆகிவிட வேண்டும். எதில் கோடு விழுகிறதோ அது அவள் வீட்டுப் பாழுங்கிணற்றுக்கு. கோடு விழாததைத்தான் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவேன். மில் ஐயா தாத்தா இரும்பு எங்கே என்று கேட்டால், அம்மன் வைத்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டியதுதான்.

வரும் வழியில் காந்திபுரத்தில் ஒரு சின்ன டப்பா பெயிண்டு வாங்கினேன். பச்சைதான். அந்த நல்ல கையில் பொட்டு போல இல்லாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பட்டையாக அடித்துவிடப் போகிறேன். உலகத்தில் எத்தனையோ விதமான பொம்பளைகள் இருக்கிறார்கள், அம்மிணி. எவளாவது சுத்தம் பண்ணுகிறேன் என்று வந்து துடைத்துவிட்டால், அப்புறம் யார் உயிருக்கு யார் ஜவாப்தாரி?

கொஞ்சம் காலை நகர்த்துங்கள், பையை எடுத்துக்கொள்கிறேன்.